வளாக வானொலியின் வரலாறு: புத்தளக் கரையோரத்திலிருந்து ஒரு நோக்கு

இலங்கையின் வானொலி வரலாற்றிலே புத்தள மாவட்டக் கரையோரம் விசித்திரமானதோர் இடத்தைப் பெறுகின்றது. இந்நாட்டில் நிறுவப்பட்ட மிக வலிமை வாய்ந்த ஒலிபரப்பிகள் சில இக்கரையிலேயே அமைந்தன. புத்தளத்திலிருந்த 400 கிலோவாற்று மத்திய அலை ஒலிபரப்பி, 1970களின் பிற்பகுதி தொடக்கம் நெடுங்காலமாக டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ என்னும் கிறித்தவ நிறுவனத்தின் நிகழ்ச்சிகளை 882 கிலோஹேர்ட்சில் இந்தியாவை நோக்கி அனுப்பியது. சிலாபத்துக்கு அண்மையிலுள்ள இரணவிலவில் வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா தனது அஞ்சல் நிலையத்தை நிறுவி, 2016 வரை சிற்றலையில் ஆசியாவின் பல பகுதிகளுக்கும் ஒலிபரப்பியது. இவ்விரு நிலையங்களின் கோபுரங்களையும் பார்த்தே இக்கரையின் இரு தலைமுறையினர் வளர்ந்தனர். ஆயின் அக்கோபுரங்கள் பேசிய பேச்சு, அவற்றின் நிழலில் வலை உலர்த்தியவர்க்கும் உப்பு வாரியவர்க்கும் உரியதன்று. அது அவர்களது தலைக்கு மேலாகக் கடந்து சென்ற பேச்சாகும்.

இதற்கு நேர்மாறான ஒரு வானொலி மரபும் உண்டு. சில வாற்று வலுவும், சில மைல் எல்லையும், ஊதியம் பெறாத சில மாணவரும் கொண்டு நடத்தப்படும் வளாக வானொலியே அது. அதன் வரலாற்றை, சிறப்பாகத் தமிழ் வழங்கும் நிலப்பரப்பில் அது தோன்றிய வரலாற்றை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். புத்தளக் கரையிலிருந்து இதனை நோக்குவதற்கான காரணம் போகப் போகப் புலப்படும்.

வானொலி என்றதும் அரசினையும் பெருநிறுவனங்களையுமே எண்ணுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. தோற்றத்தில் அது அவ்வாறிருக்கவில்லை. 1921இல் இலங்கைக்கு வந்த எட்வேட் ஹாப்பர் என்னும் தந்தித் திணைக்களப் பொறியியலாளர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிற்றறையிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பிப் பரிசோதனை செய்தார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டே அவ்வொலிபரப்பி ஆக்கப்பட்டதென்பர். அவரைச் சூழ்ந்து நின்றோர் ஆர்வலர்கள்; இலங்கை வானொலிக் கழகம் என ஒன்றுகூடிய ஆங்கிலேயரும் இலங்கையரும். 1925 டிசம்பர் 16ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபர்ட் வெலிக்கடையில் கொழும்பு வானொலியைத் தொடக்கி வைத்தபோதுதான் அம்முயற்சி முறையான அரச நிறுவனமாயிற்று.

சென்னையின் கதையும் இதனை ஒத்ததே. 1924 மே மாதத்தில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைந்தது. அவ்வாண்டு ஜூலை 31 முதல் 40 வாற்று ஒலிபரப்பி ஒன்றினால் அது மாலை வேளைகளில் இசையும் பேச்சும் வழங்கிற்று. மூன்றே ஆண்டுகளில், 1927இல், பணமின்மையால் கழகம் ஓய்ந்தது. அதன் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்று 1930இல் மீண்டும் ஒலிக்கத் தொடங்கிற்று. 1938இலேயே அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழுந்தது. தொண்டர் தொடக்கிய பணியை நகராட்சியும், நகராட்சி நடத்தியதை மைய அரசும் ஏற்ற இவ்வரிசை ஈண்டு நோக்கற்பாலது. ஒவ்வொரு படியிலும் நிலையம் உறுதி பெற்றது. அதே வேளையில் கேட்போனுக்கும் பேசுவோனுக்கும் இடைப்பட்ட தூரமும் வளர்ந்தது.

பல்கலைக்கழகம் இத்துறையுட் புகுந்தது மேலை நாடுகளிலேயாகும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் ஏர்ல் டெரியும் அவர்தம் மாணவரும் முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே பரிசோதனை நிலையமொன்றை இயக்கி, விவசாயிகளுக்கு வானிலை அறிக்கை அனுப்பினர். எனினும், மாணவர் தாமே நடத்தும் வானொலி என்ற கருத்து 1936இல் பிரவுண் பல்கலைக்கழகத்தில் உருவாயிற்று என்பது பொருந்தும். ஜோர்ஜ் ஏபிரகாம், டேவிட் போர்ஸ்ற் என்னும் இரு மாணவர் விடுதிகளுக்கிடையே கம்பி இழுத்து ஒலிபரப்பைத் தொடங்கினர். இம்முறை பிற கல்லூரிகளிலும் பரவ, 1940இல் கல்லூரிகளிடை ஒலிபரப்பு அமைப்பொன்றும் தோன்றியது. இங்கிலாந்தில் யோர்க் பல்கலைக்கழக மாணவர் 1968இல் வளாகத்துள் மட்டுமே கேட்கத்தக்க தூண்டல் முறையில் உரிமம் பெற்று ஒலிபரப்பினர். வானொலி பி.பி.சி.யின் தனியுடைமையாயிருந்த ஒரு நாட்டிலே, மாணவர் கழகமொன்றுக்கு அத்தகைய உரிமம் கிடைத்தமை சிறிய செய்தியன்று.

அவ்வாறாயின், தமிழ்ப் பிரதேசங்களின் பல்கலைக்கழகங்கள் ஏன் மௌனமாயிருந்தன? கருவி இன்மையும் பணம் இன்மையும் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. இவை போதிய விடையாகா. 1924இலேயே ஆர்வலர் குழுவொன்று சென்னையில் ஒலிபரப்பி அமைக்க முடிந்ததெனின், பொறியியற் கல்லூரிகள் பெருகிய பிற்காலத்தில் அது கைகூடாதிருக்க நியாயமில்லை. தடை சட்டத்திலேயே இருந்தது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் ஒலிபரப்பு அரசின் தனியுரிமையாகக் கொள்ளப்பட்டது. இந்நிலையை அசைத்தது 1995 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாகும். கிரிக்கெட் ஆட்டமொன்றின் ஒளிபரப்புரிமை பற்றி எழுந்த வழக்கு அது. அவ்வழக்கிலே, வான் அலைகள் பொதுமக்களின் சொத்து, அவை அரசின் தனியுடைமையல்ல என்ற கோட்பாட்டை நீதிபதிகள் வகுத்தனர். விளையாட்டு வாரியமொன்றும் அரசும் பிணங்கியதன் பயனை மாணவர் பெற்றனர் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

தீர்ப்பு வந்தும் ஏழாண்டுகள் கழிந்தன. 2002 டிசம்பரில்தான் நிலைபெற்ற கல்வி நிறுவனங்கள் பண்பலையில் சமுதாய வானொலி நடத்தலாமென இந்திய அரசு இசைந்தது. அதன் பயனாக, 2004 பெப்ரவரி 1ஆம் நாள், சென்னை கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து 90.4 மெகாஹேர்ட்சில் அண்ணா பண்பலை ஒலிக்கத் தொடங்கிற்று. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுவே. அது தமிழிலே பேசிற்று. இம்முயற்சிக்கு முன்னின்றவர் அப்பல்கலைக்கழகத்தின் கல்வி ஊடக ஆய்வு நிலையத்தோடு தொடர்புடைய ஆர். ஸ்ரீதர் ஆவார்.

இந்நிலையத்திற்கு விதிக்கப்பட்ட எல்லைகளை அறிந்தாலன்றி அதன் இயல்பு விளங்காது. கதிர்வீசும் வலு 100 வாற்றைத் தாண்டலாகாது. கோபுரம் 30 மீற்றருக்கு மேல் உயரலாகாது. புத்தளத்து ஒலிபரப்பியோடு ஒப்பிட்டால் 4,000இல் ஒரு பங்கு வலு! நகரத்தின் ஒரு பகுதியையே அக்குரல் எட்டும். தொடக்கத்தில் விளம்பரம் முற்றாகத் தடுக்கப்பட்டிருந்தது; 2006இல் மணிக்கு ஐந்து நிமிடம் அனுமதிக்கப்பட்டது. செய்தியும் நடப்பு அரசியலும் நிலையம் தானாகக் கூற இயலாதவை. இவ்விறுதி விதி கடுமையானது மட்டுமன்றிப் பொருத்தமற்றதுமாகும் என்பது எமது கருத்து. குடிநீர் வராத தெருவைப் பற்றிப் பேசினால் அது உடல்நலமா, அரசியலா? வரையறை எங்கே முடிகிறதென்பதை எவரே கூறவல்லார்?

இத்தனை கட்டுக்குள்ளும் அண்ணா பண்பலை செய்த சிறந்த செயல் வளாகத்தின் மதிலைக் கடந்தமையாகும். ஊடகவியல் மாணவர் நிகழ்ச்சி தயாரித்தனர் என்பதில் வியப்பில்லை. அது அவர்தம் பாடம். சுற்றுப்புறக் குடியிருப்புகளின் பெண்கள் ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்து உடல்நலம் பற்றித் தம் சொல்லிலேயே பேசியமைதான் புதுமை. அரச வானொலியின் ஏட்டுத் தமிழுக்கும் வணிகப் பண்பலைகளின் கலப்புத் தமிழுக்கும் இடையே, வீட்டு முற்றத்துத் தமிழ் அலைவரிசையில் இடம்பெற்றது. பல்கலைக்கழகத்தார் நூற்றாண்டுக் காலமாகப் பேச்சு வழக்குகளைச் சேகரித்துக் கட்டுரை எழுதி வந்துள்ளனர். அவ்வழக்குக்கு உரியோரையே பேசவிடும் வாய்ப்பு இங்குதான் அவர்க்குக் கிட்டிற்று.

தொண்டரால் நடத்தப்படும் நிலையத்துக்கு உள்ளிருந்தே தோன்றும் நோயொன்று உண்டு. மாணவர் மூன்று நான்கு ஆண்டுகளில் வெளியேறுவர். ஒலிக்கலவை செய்யக் கற்றவன் கற்ற ஆண்டிலேயே பட்டம் பெற்றுச் சென்றுவிடுகின்றான். யோர்க் மாணவர் இதனைக் கழக முறையால் தீர்த்தனர்: ஆண்டுதோறும் பதவியாளரைத் தேர்ந்து, முதியோர் இளையோருக்குப் பயிற்சி அளித்தனர். அண்ணா பல்கலைக்கழகமோ நிலையத்தை ஒரு கல்வித்துறையின் மடியில் வைத்துக் காத்தது. முன்னையதில் சுதந்திரம் மிகுதி, பின்னையதில் ஆயுள் மிகுதி என்று கூறத் தோன்றினாலும், யோர்க் நிலையம் அரை நூற்றாண்டைக் கடந்து வாழ்வதை எண்ணுமிடத்து இவ்வாய்பாடு நிற்காது. தமிழ்ச் சங்கங்கள், நாடகக் குழுக்கள், இதழ்க் குழுக்கள் ஆகியவற்றை ஆண்டுதோறும் கைமாற்றி நடத்தும் பழக்கம் நம் பல்கலைக்கழகங்களிலும் உள்ளதே. வானொலி மட்டும் அதற்கு விதிவிலக்காக வேண்டியதில்லை.

2006 நவம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமன்றித் தொண்டு நிறுவனங்களுக்கும் இந்தியாவில் உரிமம் விரிவாக்கப்பட்டது. அதன் பயன்களுள் நம் கரைக்கு மிக அண்மையிலிருப்பது பாம்பனிலே 2016 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கிய கடல் ஓசை பண்பலையாகும். மீனவர்க்கென அமைந்த அந்நிலையம் காற்றின் போக்கு, அலையின் உயரம் முதலியவற்றோடு கடலோர மக்களின் பாடல்களையும் வழங்குகின்றது. மன்னார் வளைகுடாவின் அக்கரையில் பாம்பன், இக்கரையில் கற்பிட்டி. ஒரே கடல், ஒரே காற்று, பெரும்பாலும் ஒரே தொழிற்சொற்கள்.

இலங்கையில் நிலைமை யாது? சமுதாய வானொலிக் கருத்தில் இலங்கை இந்தியாவுக்கு முந்தியது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1981இல் யுனெஸ்கோவும் டென்மார்க்கும் துணைநிற்க மகாவலி சமுதாய வானொலி தொடங்கியது. நீர்த்தேக்கங்களுக்காக இடம்பெயர்க்கப்பட்டுப் புதுக் குடியேற்றங்களில் வாழ நேர்ந்தோரிடம் தயாரிப்பாளர் குழுக்கள் சென்று, கிராமங்களில் தங்கி, மக்களின் பேச்சையே பதிவு செய்தன. 1989இல் கொத்மலை நிலையம் எழுந்தது. 1990களின் இறுதியில் அங்குள்ள தொண்டர்கள் கேட்போர் அனுப்பிய வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியிற் கூறிய முறை உலகெங்கும் பேசப்பட்டது. எனினும் இந்நிலையங்கள் யாவும் அரச கூட்டுத்தாபனத்தின் கிளைகளே. 1966ஆம் ஆண்டு 37ஆம் இலக்கச் சட்டத்தில் சமுதாய வானொலி என்றொரு வகை இல்லை. தனியார் ஒலிபரப்புக்கான உரிமம் அச்சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி அமைச்சரின் கையிலுள்ளது. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபை மசோதாவை ஆராய்ந்த இலங்கை உயர் நீதிமன்றம், அலைவரிசைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசின் தலையீட்டினின்றும் சுதந்திரமாயிருத்தல் வேண்டுமெனக் கூறி அம்மசோதாவை ஏற்க மறுத்தது. கோட்பாட்டளவில் இது இந்தியத் தீர்ப்புக்கு இணையானது. ஆயின் இந்தியாவில் தீர்ப்பின் பின் ஒரு கொள்கை வந்தது. இங்கே மசோதா வீழ்ந்ததோடு பழைய சட்டமே எஞ்சிற்று.

இவ்வேறுபாடு வெறும் சட்ட நுணுக்கமன்று என்பதற்குப் புத்தளக் கரையே சான்று. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பகுதியினர் இம்மாவட்டத்திற்கே வந்தனர். வந்தோரும் இருந்தோரும் ஒரே மொழியினர், ஒரே மதத்தினர். எனினும் கிணற்று நீர், கூலி வேலை, பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு ஆகியவற்றில் மனக்கசப்பு வளர்ந்தது. மகாவலிக் குழுக்கள் நீர்த்தேக்க மக்களிடையே செய்தது போல, இரு திறத்தாரையும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கச் செய்யும் ஊடகமே இத்தகைய இடத்துக்கு உரியது. 2011இல் முதல் அலகு இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல் மின் நிலையம், 2018, 2019 ஆண்டுகளில் அறுவைக்காட்டுக் குப்பைத் திட்டத்திற்கு எழுந்த எதிர்ப்பு ஆகியனவும் இக்கரையின் அன்றாடப் பேச்சுக்கு உரியனவே.

மொழியின் நிலையோ இன்னும் நுட்பமானது. சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட கத்தோலிக்க மீனவர் பலர் சில தலைமுறைகளுக்குள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறினர். பள்ளிக்கூடமும் கோயிலும் எம்மொழியிற் பேசினவோ அம்மொழி மெல்ல வீட்டினுள்ளும் புகுந்தது. வானொலியும் அத்தகைய வலிமையுடைய சாதனமே. அம்மாற்றம் நிகழாத உடப்பிலே திரௌபதை அம்மன் விழாவும் கரைவலைத் தொழிலும் தமிழிலேயே தொடர்கின்றன.

இரணவிலக் கதையைக் கூறாது விடலாகாது. 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஒலிபரப்பு உடன்பாடு இந்தியாவின் ஐயத்தைக் கிளறிற்று. 1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இலங்கையிலுள்ள வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படாதிருத்தல் பற்றியும் குறிப்பிடப்பட்டது. 1990களில் நிலையம் கட்டப்பட்டபோது அயற் கத்தோலிக்கக் கிராமத்தவர் எதிர்த்து நின்றனர். வல்லரசும் அயல்நாடும் கொழும்பும் பேசிய விடயத்தில் கிராமத்தவர்க்கிருந்த ஒரே ஊடகம் அவர்களது கூக்குரலே. 2016இல் நிலையம் மூடப்பட்டது. 2020இல் அக்கட்டிடங்கள் கொரோனா நோயாளரின் மருத்துவமனையாயின.

உரிமம் வரும்வரை செய்யத்தக்கது ஒன்றுமில்லையென எண்ண வேண்டியதில்லை. ஒலிபரப்பிக்கு உரிமம் வேண்டும், ஒலிப்பதிவுக்கு வேண்டியதில்லை. மகாவலிக் குழுக்களின் பணியிற் பெரும்பகுதி பதிவுப்பணியே. இம்மாவட்ட மாணவர் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒலுவிலுக்கும் சென்று கற்று, விடுமுறைக்கு ஊர் திரும்புகின்றனர். உடப்பிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்கள், கயிற்றை இழுக்கும் கைகளின் தாளத்துக்கு அமைந்தவை. வலையை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கிய கரைகளில் அப்பாட்டுக்கு வேலை இல்லாது போயிற்று. அதனை முழுமையாகப் பாட வல்லோர் முதியோர். அவர்களிடம் ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு செல்ல, அமைச்சர் எவரது கையொப்பமும் தேவையில்லை.