ஓவரிக்குள்ள ஒரு தைராய்டு

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டுறவன். உடம்புக்கு ஏதாச்சும்னா பதிவைப் படிச்சிட்டு உக்காராம டாக்டரைப் பாருங்க :-)

போன மாசம் சித்திக்கு ஓவரியில் இருந்த கட்டியை எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'ஸ்ட்ருமா ஓவரி' என்று போட்டிருந்தது. கழுத்தையும் ஸ்கேன் பண்ணச் சொன்னார்கள். "வயித்துல கட்டின்னா கழுத்துக்கு எதுக்குடா ஸ்கேன்?" சித்தி கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்லை. தேடினேன்.

1889-ல் போட்லின் என்பவர் ஓவரியில் தைராய்டு திசு இருந்ததை முதலில் எழுதினார். அது எப்படி அங்கே வந்தது? கழுத்தில் இருந்து கேன்சர் பரவியதா? இதற்கு வழி சொன்னவர் பெர்லின் லுட்விக் பிக். டெரட்டோமா என்ற கட்டியில் முடி, பல், தோல் எல்லாம் முளைக்கும் இல்லையா, அதில் தைராய்டும் ஒரு பாகம் என்றார். மற்றதை எல்லாம் அமுக்கிவிட்டு தைராய்டு மட்டும் ஓங்கினால் அதுதான் ஸ்ட்ருமா. 1933-ல் ப்ளௌட் இது நிஜத் தைராய்டேதான் என்று உறுதி செய்தார். (நீமன்-பிக் நோயில் வரும் பிக்கும் இவர்தான். மூளை நோய்க்குப் பேர் தந்த பிக் வேற ஆள். யூதர் என்பதால் 1943-ல் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டு, 1944-ல் அங்கேயே இறந்தார். இதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் எதுவும் ஓடல.)

சரி, கேன்சர் விஷயத்துக்கு வருவோம். தைராய்டு திசு இருந்தாலே கேன்சர் கிடையாது. நூற்றில் ஐந்திலிருந்து பத்துதான் அப்படி ஆகும், அதிலும் பாப்பில்லரி வகைதான் அதிகம். கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். கழுத்தில் ஃபாலிகுலர் கேன்சரா என்று பார்க்க, செல்கள் கட்டியின் உறையைத் துளைத்திருக்கிறதா என்று தேடுவார்கள். ஓவரியில் அந்த உறையே இருக்காது! வேற ப்ராஜெக்ட்டுக்கு எழுதின டெஸ்ட் கேஸை இங்கே ஓட்டுற மாதிரி.

பாப்பில்லரி வகைக்கு செல்லின் உட்கருவே துப்பு. வெளிறி, கோடு விழுந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். செனும் ரோசாயும் 1977-ல் எழுதிய பிறகு, விரல் மாதிரி நீட்சி இல்லாவிட்டாலும் உட்கருவை வைத்தே பாப்பில்லரி என்று சொல்லும் வழக்கம் நிலைத்தது. அப்போது பழைய ஸ்லைடுகள் சிலதுக்கும் பேர் மாறியது.

இன்னொரு வில்லங்கம், மைக்ரோஸ்கோப்பில் பரம சாதுவாகத் தெரியும் சில கட்டிகள் வயிற்றுச் சவ்வில் பரவிவிடும். முன்னாடி அதை 'ஸ்ட்ருமோசிஸ்' என்று சாதுப் பட்டியலில் வைத்தார்கள். 2008-ல் ராத்தும் கர்செலாட்சேயும் இது கேன்சர்தான் என்றார்கள்.

பரவிய கேன்சர் என்றால், கழுத்தில் இருக்கும் நல்ல தைராய்டையும் எடுக்கணும். இல்லாட்டி கொடுக்கிற கதிரியக்க அயோடினை அதுவே குடிச்சிடும், மீதி செல்களுக்குப் போய்ச் சேராது. எடுத்த பிறகு ரத்தத்தில் தைரோகுளோபுலின் ஏறினால் நோய் திரும்புகிறது என்று தெரியும்.

சித்தி கேட்டதற்கு பதில் இதில்தான் இருந்தது. ஓவரியில் தைராய்டு கேன்சர் என்றால் முதலில் கழுத்தில் இருந்து வந்ததா என்று பார்க்கணும். ஸ்கேனில் கழுத்து சுத்தம். முதல் ரிப்போர்ட்டில் கேன்சர் என்று இல்லை. இருந்தாலும் ஸ்லைடை வாங்கி இன்னொரு பெதாலஜிஸ்ட்டிடம் கொடுத்திருக்கோம், வெள்ளிக்கிழமை சொல்வாராம்.