வேகம் பிறவியில் வருமா... பயிற்சியில் வருமா? அமெரிக்க காலேஜ் ஃபுட்பாலைக் குடையும் 0.1 விநாடி!

இன்ஸ்டா ரீல்ஸில் இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதுகில் குட்டி பாராசூட் கட்டிக்கொண்டு ஒரு பையன் தலைதெறிக்க ஓடுவான். அடுத்த ஷாட்டில், தரையில் விரித்த கயிற்று ஏணிக்குள் தடதடவெனக் கால் மாற்றுவான். கடைசியில் ஸ்டாப்வாட்ச் க்ளோஸ்-அப்: 4.38. கமென்ட்டில் நெருப்பு எமோஜியாகக் கொட்டும். 'அப்படி என்ன பெரிய 4.38?' என்று தள்ளிவிட்டுப் போகிற ஆளா நீங்கள்? கொஞ்சம் நில்லுங்கள். அந்த நாலரை விநாடிக்குள் ஒரு குடும்பத்தின் நான்கு வருட காலேஜ் செலவு அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் பந்து இல்லை. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஹைஸ்கூலில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் ஆடுகிறார்கள். அவர்களில் திறமையானவர்களைத் தேடிப்பிடித்து, காலேஜ் அணிகள் ஸ்காலர்ஷிப் கொடுத்து இழுப்பதற்குப் பெயர் 'ரெக்ரூட்டிங்'. முழு ஸ்காலர்ஷிப் என்றால் ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாமே ஃப்ரீ. ஆனால், உச்ச மட்டத்தில் இருக்கும் ஓர் அணி 2024 வரை 85 பேருக்குத்தான் அதைக் கொடுக்க முடியும் என்று விதி இருந்தது. 2025-ல் விதி மாறிய பிறகும்கூட அணிக்கு 105 பேர்தான். 10 லட்சத்தில் அந்த இடத்தைப் பிடிக்கணும்னா, பையனிடம் கோச் கண்ணில் உடனே படுகிற ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அது பெரும்பாலும் வேகம்தான்.

அந்த வேகத்தை அளக்கிற ஓட்டம் '40 யார்டு டேஷ்'. 36.58 மீட்டர். ரெண்டு கிரிக்கெட் பிட்ச்சை நீளவாக்கில் சேர்த்துப் போட்டால், அதைவிடக் கொஞ்சம் கம்மி. இதில் 0.1 விநாடி என்பது முழு வேகத்தில் கிட்டத்தட்ட ஒரு கஜ தூரம். பந்தைப் பிடிக்க ஓடுகிறவனுக்கும் துரத்துகிறவனுக்கும் நடுவே அந்த ஒரு கஜம் இருந்தால் டச் டவுன். இல்லாவிட்டால், பந்து எதிராளி கையில்.

'வேகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது.' அமெரிக்க ஃபுட்பால் கோச்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வாக்கியம் இது. அதனால்தான், பந்து பிடிக்கத் தெரியாத வேகக்காரனை எடுத்துக்கொண்டு, 'பிடிக்கிறதை நாம கத்துக்கொடுத்துக்கலாம்' என்கிறார்கள். நன்றாகப் பிடிக்கிற மெதுவான பையனை யோசிக்காமல் கழித்துவிடுகிறார்கள். ஆனால், இன்னொரு பக்கம் ஊருக்கு ஊர் 'ஸ்பீடு ட்ரெயினர்'கள் கடை விரித்து, 'எங்ககிட்ட வாங்க, 0.2 விநாடி குறைச்சுக் காட்டுறோம்' என்று ஃபீஸ் வாங்குகிறார்கள். ரெண்டு பேரும் முழுசா சரியா இருக்க முடியாதே?

பிறவி வேகம்... எவ்வளவு நிஜம்?

மிச்சிகனில் உள்ள கிராண்ட் வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லொம்பார்டோ, ராபர்ட் டீனர் இருவரும் 2014-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பே 'வேகத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது' என்பதுதான். ஒலிம்பிக் தங்கம் வென்ற 15 ஓட்டக்காரர்களின் வாழ்க்கைக் கதைகளை அவர்கள் அலசினார்கள். முறையான பயிற்சி தொடங்கும் முன்பே 15 பேரும் கூடப் படிக்கிறவர்களைவிட அபார வேகம். பெரும்பாலானவர்கள் பயிற்சி தொடங்கி ஐந்தே வருடத்துக்குள் உலகத் தரத்தைத் தொட்டுவிட்டார்கள். '10,000 மணி நேரம் உழைத்தால் எதிலும் மேதை ஆகலாம்' என்ற பிரபலமான பேச்சுக்கு இது நேர் எதிர்.

உடம்புக்குள்ளும் காரணம் இருக்கிறது. தசையில் வேகமாகச் சுருங்கும் நார்களும் உண்டு, மெதுவாகச் சுருங்கும் நார்களும் உண்டு. இந்தக் கலவையில் பெரும்பங்கு பெற்றோரிடமிருந்து வருவது. ஏ.சி.டி.என்-3 என்றொரு ஜீன், வேக நார்களுக்குத் தேவையான ஒரு புரதத்தை உருவாக்குகிறது. உலகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதமே உருவாவதில்லை. அப்படிப்பட்டவர்கள் உச்சகட்ட ஸ்ப்ரின்ட்டில் மிக அரிது என்று ஆஸ்திரேலிய விளையாட்டு வீரர்களை வைத்து 2003-ல் கண்டுபிடித்தார்கள். உடனே, 'குழந்தையின் எச்சில் சாம்பிளை அனுப்புங்க, சாம்பியனான்னு சொல்றோம்' என்று அமெரிக்காவில் கம்பெனிகள் முளைத்துவிட்டன. காசுக்குப் பிடித்த கேடு! ஐந்தில் நான்கு பேரிடம் அந்தப் புரதம் இருக்கிறது. அந்த நான்கு பேருமா மின்னல்?

சரி, ஒலிம்பிக் சாம்பியன்கள் பிறவியிலேயே வேகக்காரர்கள் என்பது நிஜம். ஆனால், 4.75-ல் ஓடுகிற 16 வயதுப் பையன் 4.6-க்கு வர முடியுமா என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. ரெக்ரூட்டிங்கில் முட்டி மோதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த ரகம்தான்.

எதை மாற்ற முடியும்?

வேகமாக ஓடுகிறவர்கள் காலை வேகமாக வீசுகிறார்கள் என்றுதானே நினைக்கிறோம்? ஹார்வர்டில் பீட்டர் வேயாண்ட் குழு ட்ரெட்மில்லில் ஓடவிட்டு அளந்து, 2000-ல் வெளியிட்ட முடிவு வேறு. வேகக்காரனும் மெதுவானவனும் காலைக் காற்றில் வீசி முன்னால் கொண்டுவர எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம், கால் தரையில் படும் அந்தக் கணத்தில் இருக்கிறது. நல்ல ஸ்ப்ரின்ட்டரின் பாதம் முழு வேகத்தில் தரையில் இருப்பது ஏறத்தாழ 0.1 விநாடி. அதற்குள் தன் எடையைப் போல பல மடங்கு விசையை அவன் தரையில் இறக்கிவிடுகிறான்.

இது புரிந்தால், ரீல்ஸில் பார்த்த கயிற்று ஏணியின் லட்சணமும் புரிந்துவிடும். அதில் கால் பரபரவென மாறும், பார்க்க அழகு. ஆனால், தரையை உதைக்கும் விசை அதில் ஏறாது. எடை ஏற்றிய வண்டியை இழுத்து ஓடுவது, மேட்டில் ஏறி ஓடுவது, ஸ்குவாட், எகிறிக் குதிப்பது... இவை எல்லாம் கால்களுக்கு அந்த பலத்தைத் தரக்கூடியவை. குறிப்பாக, முதல் 10 கஜத்தில் பலன் தெரியும்.

அந்த முதல் 10 கஜத்தில்தான் கோச்சுக்கு வேலை அதிகம். மூன்று புள்ளியில் ஊன்றி உட்காரும் ஸ்டார்ட்டில் இடுப்பு எவ்வளவு உயரம், முதல் எட்டு எங்கே விழணும், எப்போது நிமிரணும் எல்லாமே கற்றுக்கொடுக்கக்கூடிய சங்கதிகள். பல பையன்கள் முதல் எட்டிலேயே விருட்டென நிமிர்ந்து நின்றுவிடுவார்கள். அதைத் திருத்தினாலே டைம் குறையும். ஆனால், ட்ரெயினர் விளம்பரம் செய்கிற 'நாலே வாரத்தில் மாற்றம்' பெரும்பாலும் இந்த ஸ்டார்ட் சமாசாரம்தான். உச்ச வேகம் அதே நாலு வாரத்தில் நகர்ந்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. 14 வயதிலிருந்து 17 வயதுவரை பையன்களுக்கு உயரம், தசை, ஹார்மோன் எல்லாம் கூடுகிறது. யாரும் எதுவும் சொல்லித்தராவிட்டாலும் டைம் குறையும். அந்தக் காலகட்டத்தில் எந்த ட்ரெயினரிடம் போனாலும் 'பார்த்தீங்களா, எங்க பயிற்சி!' என்பார். வளர்ந்தது பையன், பெயர் கோச்சுக்கு.

ஓடவிட்டே கெடுக்கிறோமா?

பழைய பாணி கோச்கள் ப்ராக்டீஸ் முடிவில், 'தோத்துட்டீங்க, பத்து ரவுண்டு ஓடுங்க' என்பார்கள். நாக்குத் தள்ளும். ஸ்டாமினா வரும், மன உறுதி வரும் என்றும் சொல்வார்கள். வேகம் மட்டும் வராது. களைத்த உடம்பு ஓடுவது முக்கால் வேகத்தில். முக்கால் வேகத்தில் பழகினால், உடம்பு முக்கால் வேகத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

அதனால் இன்று பல ஹைஸ்கூல்களில் தலைகீழ் முறை. இல்லினாய்ஸ் மாநில கோச் டோனி ஹாலர், வேகக்காரப் பையன்களைப் பூனை இனத்தோடு ஒப்பிட்டு, இதை ஒரு இயக்கம் மாதிரியே பரப்பினார். சிறுத்தை நாள் முழுக்க ஓடாது, படுத்துக் கிடக்கும், ஓடினால் முழு வேகம். முழு மூச்சில் சில ஓட்டங்கள் மட்டும். ஒவ்வொன்றையும் அளந்து எழுதணும். நடுவில் நிறைய ஓய்வு. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓய்வு என்று ஒரு கணக்கு ஸ்ப்ரின்ட் பயிற்சியாளர்களிடம் புழங்குகிறது. 40 மீட்டர் ஓடிவிட்டு நாலு நிமிடம் சும்மா நிற்கிற பையனைப் பார்த்தால், கம்பி வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால், அந்தச் சும்மா நிற்பதும் பயிற்சிதான்.

ஸ்டாப்வாட்ச் யார் கையில்?

இப்போது அந்த 4.38-க்கு வருவோம். கையால் டைம் எடுக்கிறவர், பையன் அசைவதைப் பார்த்த பிறகுதான் பட்டனை அமுக்குகிறார். அந்தத் தாமதத்தில் ஏறக்குறைய 0.2 விநாடி பையனுக்கு லாபம். எலக்ட்ரானிக் கருவியில் அதே ஓட்டம் 4.6-ஐ ஒட்டி நிற்கும். போ ஜாக்சன் 1986-ல் 4.12 ஓடினார் என்ற கதை இன்றைக்கும் உலாவுகிறது. எலக்ட்ரானிக் பதிவு கிடையாது. என்.எஃப்.எல் நடத்தும் தேர்வு முகாமில் எலக்ட்ரானிக் முறை வந்த 1999-க்குப் பிறகான சாதனை, டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஸேவியர் வொர்த்தி 2024-ல் ஓடிய 4.21. அங்கேகூட ஸ்டார்ட்டைக் கையால்தான் அமுக்குகிறார்கள்!

அதனால்தான் விவரமான காலேஜ் கோச் 40 யார்டு டைமைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அடுத்து '100 மீட்டர் எவ்வளவு?' என்கிறார். பள்ளித் தடகளப் போட்டியில் துப்பாக்கிச் சத்தம், எலக்ட்ரானிக் ஃபினிஷ், காற்றின் வேகக் கணக்கு எல்லாம் இருக்கும். அங்கே கதை விட முடியாது.

ஆனால், தடகள வேகமும் ஃபுட்பால் வேகமும் ஒன்றில்லை. 193 செ.மீ உயரம், 100 கிலோவுக்கு மேல் எடை கொண்ட டி.கே. மெட்காஃப், 2019 தேர்வு முகாமில் 4.33 ஓடி வாய் பிளக்க வைத்தவர். 2021 மே மாதம் நிஜமான தடகள வீரர்களோடு 100 மீட்டரில் இறங்கினார். 10.36 விநாடி. அவ்வளவு பெரிய உடம்புக்கு அது அசுரத்தனம். ஆனாலும், அவர் ஓடிய ஹீட்டில் கடைசி இடம்தான். மறுபக்கம், 1964 டோக்கியோ ஒலிம்பிக் 100 மீட்டர் சாம்பியன் பாப் ஹேய்ஸ், ஃபுளோரிடா ஏ அண்ட் எம் காலேஜில் ஃபுட்பாலும் ஆடியவர். பிற்பாடு டல்லாஸ் அணியோடு சூப்பர் பௌல் பட்டமும் வென்றார்.

வேகம் இல்லை என்று கழிக்கப்பட்டவர்கள் கதையும் உண்டு. யாகிமா என்ற சிறு நகரத்துப் பையன் கூப்பர் கப்புக்கு உச்ச மட்ட காலேஜ் ஒன்றுகூட ஸ்காலர்ஷிப் தரவில்லை. அடுத்த மட்டத்தில் இருந்த ஈஸ்டர்ன் வாஷிங்டன் எடுத்துக்கொண்டது. 2017-ல் அவருடைய 40 யார்டு டைம் 4.62. அவருடைய இடத்தில் ஆடுபவர்களுக்கு அது சுமார் ரகம். 2021 சீசனில் 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச் டவுன். மூன்றிலும் என்.எஃப்.எல்-லில் முதலிடம், கூடவே சூப்பர் பௌலில் சிறந்த ஆட்டக்காரர் விருது. எப்போது வேகத்தைக் குறைக்கணும், எந்தக் காலை ஊன்றித் திரும்பணும் என்பதில் அவர் கெட்டி. அது ஸ்டாப்வாட்ச்சில் விழாது. ஆனால், சொல்லிக்கொடுக்க முடியும்.

உங்களுக்கு அமெரிக்காவில் ஒன்பதாவது படிக்கிற அண்ணன் மகனோ அக்கா மகனோ இருந்து, ஃபுட்பால் கனவு கண்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ட்ரெயினருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், அவன் பள்ளியிலேயே தடகள அணி இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஃபுட்பால் இலையுதிர் காலத்தில், தடகளம் வசந்தத்தில். ரெண்டும் மோதாது. ஏப்ரல், மே மாதங்களில் காலேஜ் கோச்கள் பள்ளி பள்ளியாகச் சுற்றுவார்கள். சாயங்காலம் ட்ராக் வேலியோரம் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற ஆளில் ஒருவர் அவராக இருக்கலாம்.