குற்றாலத்து நினைவிடமும் வட்டத்தொட்டி மரபும்

ஒருவர் மறைந்தபின் அவர் நினைவுக்கல்லில் எதனைப் பொறிப்பது என்பது எளிதில் விடை காணத்தக்க வினா அன்று. அமெரிக்க நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் அவ்வினாவுக்குத் தாமே விடை எழுதி வைத்துச் சென்றார். வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்னும் தம் மலைப்பண்ணையில் அமையும் கல்லில் மூன்று செய்திகளே இடம்பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். விடுதலைப் பிரகடனத்தை இயற்றியமை, சமய உரிமைச் சட்டத்தை வரைந்தமை, வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியமை என்பன அவை. எட்டாண்டுகள் வகித்த தலைமைப் பதவியை அவர் குறிப்பிடவில்லை. அப்பண்ணையில் அடிமைகளாய் உழைத்தோரைப் பற்றியும் அக்கல் வாய் திறக்கவில்லை. நினைவுக்கல் சொல்வதும் உண்டு. சொல்லாது விடுப்பதும் உண்டு.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு குற்றாலத்து நினைவிடம் ஒன்றை நோக்குதல் தகும். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் இறுதிக் காலத்தைக் குற்றாலச் சாரலிலே கழித்து, 1954 பிப்ரவரி 16-இல் அங்கேயே மறைந்தார். அவர் நினைவிடமும் குற்றாலத்திலேயே அமைந்தது. திரிகூடமலையும் அருவிகளும் சூழ்ந்த அச்சிற்றூர், திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியால் முன்னரே தமிழுலகில் இடம்பெற்றது என்பதை அன்பர்கள் அறிவர்.

டி.கே.சி. சட்டம் பயின்றவர், சென்னைச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர், பின்னர் 1930-களின் முற்பகுதியில் இந்து சமய அறநிலைய வாரியத்தின் ஆணையராகவும் பணியாற்றியவர். ஆயினும் அவரை ஆணையர் என்று இன்று யாரும் நினைவுகூர்வதில்லை. ரசிகமணி என்ற பெயரே நிலைத்தது. அரசு தந்த பதவிகள் மறைய, அன்பர் வழங்கிய பெயர் எஞ்சியது.

அப்பெயருக்கு அடித்தளம் இட்டது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் இல்லத்தில் கூடிய வட்டத்தொட்டி. வட்ட வடிவான தொட்டிக்கட்டு முற்றத்தில் ஞாயிறு மாலைகளில் அன்பர்கள் கூடினர். ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அதன் தாளமும் உணர்ச்சியும் கேட்போர் உள்ளத்தில் பதியும்வரை மீண்டும் மீண்டும் சொல்லிக் காட்டுவது டி.கே.சி.யின் முறை. பண்டிதர் கையிலிருந்த கவிதை, எளிய வாசகரின் செவிக்கு வந்தது. நீதிபதி எஸ். மகராஜன், தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் போன்றோர் அம்மரபில் வளர்ந்தனர். தமிழிசைக்காகவும் தமிழ்வழிக் கல்விக்காகவும் டி.கே.சி. எழுப்பிய குரலும் அவ்வுணர்விலிருந்தே பிறந்தது எனலாம்.

அவரைப் போற்றுவோர் ஒன்றை மறைத்தல் ஆகாது. கம்பன் கவியில் தம் செவிக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என அவர் ஒதுக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். ஏட்டுச் சான்றின்றிப் பாடத்தைத் திருத்தும் உரிமை எவர்க்கும் இல்லை என அறிஞர் மறுத்தனர். அம்மறுப்பு நியாயமானதே. சுவைஞன் ஒருவனின் செவி எத்துணைக் கூர்மையுடையதாயினும் அது சுவடிக்கு மாற்றாகாது. எனினும், பாடபேதங்களை மட்டும் கணக்கிட்டுக் கவிதையைக் கேளாது விடும் புலமையும் முழுமையடையாது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள பூசலைத் தமிழ்க் கல்வி இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை.

1954 தமிழுக்குத் துயர் மிகுந்த ஆண்டு. டி.கே.சி. மறைந்த அதே ஆண்டில், அவர்தம் நண்பர்களான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை செப்டம்பரிலும், கல்கி டிசம்பரிலும் மறைந்தனர். கவிமணிக்குக் கவிதைகளும் கல்கிக்குப் புதினங்களும் நினைவுச் சின்னங்களாயின. டி.கே.சி.க்கோ கட்டுரைகளும் கடிதங்களும், கம்பன், முத்தொள்ளாயிரம் ஆகியவற்றிற்கு அவர் கண்ட விளக்கங்களும் உள்ளன. ஆனால் அவர் ஆற்றலின் பெரும்பகுதி குரலில் இருந்தது. முற்றத்தில் ஒலித்த அக்குரல் கேட்டவர்களோடு பெரிதும் மறைந்தது. இலக்கிய அமைப்புகள் அஞ்ச வேண்டிய இழப்பு இதுவே. ஆண்டறிக்கைகள் நிலைபெறும், ஒரு பாடலைச் சேர்ந்து சுவைத்த மாலைப்பொழுது, அடுத்தவர்க்குக் கையளிக்கப்படாவிடின், அன்றோடு முடிந்துவிடும்.

குற்றாலத்துக்கு அண்மையிலுள்ள தென்காசியில், பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதைப் பழுது பார்ப்போரின் அடிகளைப் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்துச் சென்றான். பிற்காலத்தில் அழிந்த அதன் கோபுரம் மீண்டும் எழுந்து, 1990-இல் குடமுழுக்குக் கண்டது. கல்லால் எழுந்த கோயிலுக்கே பின்வருவோர் துணை வேண்டியிருந்தது. சொல்லால் எழுந்த வட்டத்தொட்டிக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

மான்டிசெல்லோவுக்கு வந்தவர்கள் நினைவுப் பொருளாக ஜெபர்சனின் கல்லைத் துண்டு துண்டாகப் பெயர்த்துச் சென்றனர். பின்னர் புதுக்கல் நாட்ட நேர்ந்தது. குற்றாலத்துக்குச் செல்லும் கவிஞர் எடுத்துவரத் தக்கது ஒரு பாடல். அதை உரக்கச் சொல்லிப் பழகி, ஒருவர் செவியிலேனும் சேர்ப்பித்தால், அந்நினைவிடத்துக்குச் செய்யும் பழுதுபார்ப்பு அதுவேயாகும்.