பிள்ளைத்தாய்ச்சியும் ஐப்பசிக் காய்ச்சலும்: பல்லடம் வட்டாரத்தின் ஒரு நூற்றாண்டு

பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே விரியும் பல்லடம் வட்டாரம், ஆனி ஆடியில் கணவாய் வழியே வரும் காற்றை மட்டும் பெற்றுக்கொண்டு, மழைக்கு ஐப்பசியையும் கார்த்திகையையும் எதிர்பார்த்திருக்கும் மேட்டாங்காட்டுச் சீமையாகும். 2009 பிப்ரவரியில் திருப்பூர் தனி மாவட்டமாகும் வரை இது கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆங்கிலேயர் காலத்திலோ இன்றைய பின்னலாடை நகரமான திருப்பூரே பல்லடம் தாலுகாவுக்குள் அடங்கிய ஊராக இருந்தது. மண்ணை நனைக்கும் அந்த ஐப்பசி மழைக்காலம்தான் தமிழகத்தில் இன்ஃப்ளூயன்சாவின் பருவமும் ஆகும். சாதாரணச் சளியிலிருந்து வேறுபட்டு, திடீரென ஏறும் காய்ச்சலும் உடல்வலியும் கொண்டு வந்து, சிலருக்கு நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய் விடும் இந்த வைரஸ் நோய், இந்தியாவின் பல நகரங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை உச்சத்தை எட்ட, சென்னையிலும் வேலூரிலும் அது அக்டோபர், நவம்பர் மாதங்களில் உச்சம் காண்பதைத் தொடர் கண்காணிப்புகள் காட்டியுள்ளன. தீபாவளியை ஒட்டிய அந்த மாதங்களில் இந்த வட்டாரத்தின் பேருந்துகளும் கடைவீதிகளும் பனியன் கம்பெனிகளும் ஆண்டின் பிற நாட்களைவிட நெரிசல் மிகுந்திருப்பதும், ஒருவர் இருமலில் தெறிக்கும் நுண்துளிகள் வழியே பரவும் நோய்க்கு அது வசதியாக அமைவதும் கருதத்தக்கவை.

இந்தப் பருவத்தின் கொடுமை மிகப் பெரிய அளவில் வெளிப்பட்டது 1918இல்தான். அவ்வாண்டு ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் தென்பட்ட காய்ச்சல் முதல் அலையாகக் கடந்துபோக, செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலை ரயில் பாதைகளின் வழியே உள்நாடெங்கும் பரவி, ஆண்டு முடிவதற்குள் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சென்னை மாகாணத்தில் அதன் உச்சம் அக்டோபரை ஒட்டி அமைந்தது. பம்பாய் மாகாணத்தோடும் மத்திய மாகாணத்தோடும் ஒப்பிடுகையில் இங்கு உயிரிழப்பு விகிதம் குறைவுதான் என்றாலும், 1911க்கும் 1921க்கும் இடையே மாகாணத்தின் மக்கள்தொகை 2 விழுக்காட்டை ஒட்டியே உயர்ந்தது என்பது அந்தப் பத்தாண்டின் நிலையை உணர்த்தும். நோய் தனியாக வரவில்லை. போர்க்கால விலையேற்றத்தோடு 1918இன் பருவமழைப் பொய்ப்பும் சேர்ந்துகொள்ள, செப்டம்பரில் சென்னை நகரிலும் மாகாணத்தின் வேறு பல இடங்களிலும் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. வயிற்றுக்கில்லாத உடல்களைத்தான் அந்த ஐப்பசியில் காய்ச்சல் வந்து பற்றியது.

அக்காலத்தில் பிறப்பையும் இறப்பையும் பதிந்தவர் கிராம முன்சீப், அதாவது ஊரின் வரி வசூலையும் சிறு வழக்குகளையும் கவனித்த அரசு அலுவலர் ஆவார். அவருடைய பதிவேட்டில் காலரா, பெரியம்மை போன்ற சில நோய்களுக்கே தனி இடம் இருந்ததால், இன்ஃப்ளூயன்சாவில் இறந்தோர் பெரும்பாலும் பொதுவாகக் ‘காய்ச்சல்’ என்ற தலைப்பிலேயே சேர்க்கப்பட்டனர். வழக்கமான ஆண்டுகளைவிட மிகுதியாக நேர்ந்த காய்ச்சல் மரணங்களைக் கணக்கிட்டே பிற்பாடு நோயின் அளவு மதிப்பிடப்பட்டது. இறந்தவள் பிள்ளைத்தாய்ச்சியா என்பதை அறிய அந்தப் பதிவேட்டில் வழியே இல்லை. உலகின் பல நாடுகளுக்கு மாறாக இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிக விகிதத்தில் மாண்டனர் என்பது மட்டும் அன்றைய சுகாதார அறிக்கைகளிலேயே இடம்பெற்றது. இதற்குப் பெண்களின் ஊட்டக்குறைவும், வீட்டில் படுத்தவர்களுக்கெல்லாம் பணிவிடை செய்த பொறுப்பும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவற்றோடு கருவுற்றிருந்த நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழந்தை பெறும் வயதினரையே அந்த நோய் மிகக் கடுமையாகத் தாக்கியது என்பதும், அந்த வயதில் ஒரு பெண் பல முறை கருவுற்ற காலம் அது என்பதும் தெரிந்திருக்க, அதைத் தவிர்த்துவிட்டு எழுதப்படும் வரலாறு குறையுடையதே ஆகும்.

இந்தியப் பதிவேடுகள் சொல்லாமல் விட்டதை அமெரிக்காவில் ஜான் ஹாரிஸ் என்ற மகப்பேறு மருத்துவர் 1919இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. மருத்துவர்களிடமிருந்து அவர் திரட்டிய 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நுரையீரல் அழற்சி கண்டிருந்தது. அவ்வாறு கண்டவர்களில் பாதிப் பேர் இறந்தனர். மொத்தத்தில் 27 விழுக்காட்டினர் உயிர் பிழைக்கவில்லை. நுரையீரல் அழற்சி கண்ட தாய்மாரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கரு கலைந்தது அல்லது குறைமாதத்தில் பிரசவம் நேர்ந்தது. எளிய காய்ச்சலோடு தப்பியவர்களிலும் நால்வரில் ஒருவருக்கு அவ்வாறே ஆயிற்று. காரணங்களைப் பின்வந்த மருத்துவம் விளக்கியது. வளரும் கருப்பை உதரவிதானத்தை, அதாவது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவேயுள்ள தசைத் தடுப்பை, மேல்நோக்கித் தள்ளுவதால் நுரையீரலின் சேமக் காற்று குறைந்துவிடுகிறது; இதயமோ முன்னிலும் மிகுதியான குருதியை இறைக்க வேண்டியிருக்கிறது; கருவை அயற்பொருளாகக் கருதித் தாக்காதிருக்கும்படி உடலின் எதிர்ப்பாற்றல் தன்னை மாற்றிக்கொள்ளும்போது சில வைரஸ்களை எதிர்க்கும் முறையும் மாறிவிடுகிறது.

கொங்கு நாட்டு வழக்கங்களைப் பார்த்தால், கர்ப்பிணியைக் காக்கும் அக்கறை அவற்றில் நிறையவே உண்டு. ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் பிறந்த வீட்டார் பல வகைச் சாதங்களைக் கட்டிக்கொண்டு வந்து விருந்திட்டு, முதற்பிள்ளைக்காக மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் கட்டுச்சோறு என்னும் சடங்கு, காட்டு வேலையிலிருந்தும் மாமியார் வீட்டு உழைப்பிலிருந்தும் அவளுக்கு விடுப்பளித்த ஏற்பாடாகும். பிரசவம் பார்த்தவள் ஊர் மருத்துவச்சி. நாவிதர் குடும்பத்துப் பெண்கள் வழிவழியாகச் செய்துவந்த தொழில் அது. மிளகு, சீரகம், மல்லி முதலியவற்றை வறுத்தரைத்து வைக்கும் செலவு ரசம், சளி பிடித்தவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இன்றும் கொடுக்கப்படுகிறது. ஆயினும் வேலியோரத்தில் கிடைக்கும் மருந்தெல்லாம் எல்லோருக்கும் ஒத்ததன்று. இருமலுக்கு இந்த நாட்டில் பரவலாகப் பயன்படும் ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்னும் பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உடையது என்பதால், பிற வயதினருக்கு நன்மை செய்யும் அதே கஷாயத்தைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாகாது. கட்டுச்சோறும் செலவு ரசமும் ஓய்வையும் தெம்பையும் தந்தன. ஆனால் சடங்குக்குத் திரளும் உறவினரிடமிருந்து மூச்சின் வழியே தொற்றும் நோயைத் தடுக்க அவற்றால் இயலாது. 1918இன் காலத்தில் வேறு எந்த மருத்துவத்தாலும் அதைத் தடுக்க இயலவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வைரஸ் மனிதரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டதே 1933இல்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோவைச் சீமைக்கு வந்து கிணற்றுப் பாசனத்தில் செழித்ததும், பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலைகள் திருப்பூரில் பெருகின. அவற்றில் பருவகாலக் கூலிகளாகப் பெண்கள் பெருமளவில் அமர்த்தப்பட்டனர். 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபின் கோவையைச் சுற்றி நூற்பாலைகள் பல எழுந்தன. காட்டு வேலையில் ஓரளவேனும் இருந்த, மாதம் ஏறியவளை விலக்கி உட்கார வைக்கும் வழக்கம் ஆலை வாசலில் நின்றுவிட்டது; கூலி இல்லாத நாள் சோறு இல்லாத நாளாயிற்று. ஆலைப் பெண்ணின் கர்ப்பத்தை மருத்துவம் கூர்ந்து நோக்கத் தொடங்கியதும் அதே காலகட்டத்தில்தான். பம்பாயின் துணி ஆலைகளில் உழைத்த கர்ப்பிணிகளிடம் கண்ட கடும் இரத்தசோகையை ஆராய 1928இல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், தம் ஆய்வின் ஒரு பகுதியைக் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் சென்னை கோஷா மருத்துவமனையிலும் நடத்தினார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் சத்தான மார்மைட்டைக் கொடுத்தால் இச்சோகை தீர்கிறது என்று 1931இல் அவர் எழுதியதிலிருந்து தொடங்கிய தேடல், பின்னர் ஃபோலிக் அமிலத்தைக் கண்டறிவதில் முடிந்தது. இன்று பல்லடம் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் வழங்கப்படும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையின் வரலாறு, இவ்வாறு துணி ஆலைப் பெண்களின் வெளிறிய உடல்களிலிருந்து பிறந்ததாகும். சோகை பிடித்த உடல் எந்தக் காய்ச்சலையும் எளிதில் தாங்காது என்பதால் இந்த மாத்திரையையும் காய்ச்சலிலிருந்து காக்கும் ஏற்பாடுகளுள் ஒன்றாகவே எண்ண வேண்டும்.

சட்டம் மெதுவாகப் பின்தொடர்ந்தது. 1929இல் பம்பாய் மாகாணமும் 1930களின் நடுவில் சென்னை மாகாணமும் மகப்பேறு உதவிச் சட்டங்களை இயற்றி, ஆலைப் பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டிய சில வாரங்களுக்குக் கூலியோடு விடுப்பளித்தன. நாடு விடுதலை பெற்றபின் 1948இன் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டப்படியான இ.எஸ்.ஐ. திட்டம், தமிழகத்தில் முதலாவதாகக் கோவையில் 1955 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அனைத்திந்திய மகப்பேறு பயன் சட்டம் 1961இல் வந்தது. விடுப்பு 26 வாரங்களானது 2017இல்.

இ.எஸ்.ஐ. வந்து இரண்டு ஆண்டுகளில் அடுத்த பெருங்காய்ச்சல் வந்தது. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த ஒரு கப்பலின் பயணிகளோடு ‘ஆசியக் காய்ச்சல்’ எனப்பட்ட புதிய வகை இன்ஃப்ளூயன்சா இந்தியாவுக்குள் நுழைந்தது. நாடெங்கும் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனால் பீடிக்கப்பட்டதாக அரசுக் கணக்குகள் பதிந்தன. அந்த வைரஸை ஆராய்ந்த மையம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலேயே இயங்கியது. உயிரிழப்பு 1918ஐப் போல் இல்லை. எனினும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், அவ்வாண்டு இந்தக் காய்ச்சலால் இறந்த, குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகள் எனத் தெரிய வந்தது. ஹாரிஸ் 38 ஆண்டுகளுக்கு முன் கண்டதே மீண்டும் கண்முன் நின்றதால், 1960இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை கர்ப்பிணிகளை ஆண்டுதோறும் தடுப்பூசி போட வேண்டியவர்கள் பட்டியலில் சேர்த்தது. குன்னூர் வரை வந்த அறிவியல், மலையிறங்கிப் பல்லடத்துக் கர்ப்பிணியிடம் ஊசியாக வந்து சேரவில்லை.

திருப்பூரின் பின்னல் தொழில் 1920களின் நடுவில் தொடங்கிப் பனியனாக வளர்ந்து, 1970களின் இறுதிக்குப்பின் ஏற்றுமதியாக விரிந்தது. பல்லடம், மங்கலம், சோமனூர் பகுதிகளில் கூலிக்கு நெய்யும் விசைத்தறிகள் பெருகின. கட்டிங், பவர்டேபிள், செக்கிங் எனப் பிரிந்த பனியன் கம்பெனி வேலைகளில் பெண்கள் பெரும்பாலும் கைமடியாக, அதாவது தைப்பவருக்குத் துணி எடுத்துக் கொடுத்து உதவும் ஆளாகவும், பிசிறு வெட்டிப் பழுது பார்ப்பவராகவும் நெருங்கி உட்கார்ந்து வேலை செய்தனர். ஏற்றுமதிக்கு நாள் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட் ஓடியது. பத்துப் பேருக்குக் குறைவான சிறு கூடங்களும், வீட்டோடு ஒட்டிய தறிக்கூடங்களும் இ.எஸ்.ஐ. எல்லைக்கு வெளியே நின்றன. திட்டத்துக்குள் வந்த கம்பெனிகளிலும், குறிப்பிட்ட நாட்கள் சந்தா செலுத்தியவளுக்கே மகப்பேறு உதவி என்ற விதி, காண்ட்ராக்டில் இடம் மாறிக்கொண்டே இருந்த பெண்ணை ஒதுக்கியது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கும் இளம் மனைவியருக்குக் கட்டுச்சோறு கொண்டுவரத் தாய்வீடும் அருகில் இல்லை. இருமலை ‘பஞ்சுத் தூசு’ என்றும் உடல்வலியை மாதம் ஏறியதன் அலுப்பு என்றும் எண்ணிச் சமாளித்துக்கொள்ளும் பழக்கம், மருத்துவமனைக்குப் போகும் நாளைத் தள்ளிப்போட்டது.

அந்தத் தாமதம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2009இல் உலகெங்கும் பரவிய எச்1என்1 இன்ஃப்ளூயன்சா, மக்கள் வழக்கில் பன்றிக் காய்ச்சல், தெளிவாக்கியது. அமெரிக்காவில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 1 விழுக்காடாக இருந்த கர்ப்பிணிகள், அந்நோயின் தொடக்க மாதங்களில் இறந்தோரில் 5 விழுக்காடாக இருந்தனர்; காய்ச்சல் கண்ட இரண்டு நாட்களுக்குள் ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைப் பெற்றவர்கள் பெரும்பாலும் தேற, நான்கு நாட்களுக்குமேல் தாமதித்தவர்களே தீவிர சிகிச்சைப் பிரிவை அதிகம் அடைந்தனர். டாக்காவில் 340 தாய்மாரைக் கொண்டு நடந்து, அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான ஆய்வு, தடுப்பூசியின் ஒரு நன்மையைக் காட்டியிருந்தது. கர்ப்பத்தில் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பிறந்த சிசுக்களில், முதல் ஆறு மாதங்களில் அந்நோய் 63 விழுக்காடு குறைந்திருந்தது. தாயின் எதிர்ப்புப் புரதம் தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குச் செல்வதே காரணம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போட இயலாது என்பதால் அதற்கு வேறு கவசமும் இல்லை. 2012இல் உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளை இந்தத் தடுப்பூசிக்கு முதல் முன்னுரிமை பெறுபவர்களாக அறிவித்தது. இந்திய சுகாதார அமைச்சகமும் அவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறது. கோவிட் தடுப்பூசியை 2021 ஜூலை முதல் கர்ப்பிணிகளுக்கும் அரசு செலவில் செலுத்தியபோது, கிராமச் செவிலியர் வழியே புதிய ஊசி ஒன்றை அவர்களிடம் கொண்டுசேர்க்க இயலும் என்பதும் நிரூபணமாயிற்று.

இருந்தும் அரசின் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் கர்ப்பிணிக்கு உரியதாக இருப்பது இரணஜன்னி, தொண்டை அடைப்பான் நோய்களைத் தடுக்கும் ஊசி மட்டுமே. இன்ஃப்ளூயன்சா ஊசியைப் பெரும்பாலோர் தனியார் மருத்துவமனையில் விலை கொடுத்தே பெற வேண்டியுள்ளது. வாரக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது எளிய செலவன்று. கர்ப்பத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யவும், பரிசோதனைகளுக்கு ஒழுங்காக வரவும் ஊக்கமளித்துத் தவணைகளில் பணம் தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் தமிழகத்துக்கென உள்ளது. அந்தப் பரிசோதனைகளைப் பதியும் அட்டையில் இந்த ஊசிக்கும் ஒரு கட்டம் சேர்ப்பது பெரிய நிர்வாகச் சுமை ஆகாது.

அரசு அதைச் செய்யும்வரை, பல்லடம் வட்டாரத்துக் கம்பெனி நடத்துவோரும் தறிக்கூட உடைமையாளரும் தங்களிடம் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசியின் செலவை ஏற்று, மழைக்கு முன்னதாகப் புரட்டாசியிலேயே போடச் செய்யலாம். செயலிழந்த வைரஸால் ஆன இந்த ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம், மூக்கில் விடும் உயிருள்ள வைரஸ் தடுப்பு மருந்து மட்டும் கர்ப்பிணிக்கு ஆகாது. காய்ச்சல் கண்ட கர்ப்பிணியை அன்றே கூலி பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புங்கள். வீட்டார் கஷாயத்தோடு காத்திராமல் இரண்டு நாட்களுக்குள் அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.