மழைமேல் விழுந்த பழி: தோட்டாக் கூட்டின் விரிசல் சொல்லும் வரலாறு

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் புதிதாக மருந்தும் குண்டும் நிரப்புபவர்கள், நிரப்பும் முன் அதன் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையம் தெரிந்தால், சுட்ட வேகத்தில் உலோகம் நீண்டு மெலிந்துவிட்டது என்று கூட்டை ஒதுக்கிவிடுவார்கள். அந்தத் தழும்புக்குக் காரணம் சுடுதலே. ஆனால் ஒருமுறைகூடச் சுடாத தோட்டாவின் கழுத்தில் நீளவாக்கில் விரிசல் ஓடியிருந்தால் யாரைக் குற்றம் சொல்வது? பிரிட்டிஷ் இந்தியப் படை இந்தக் கேள்வியை எதிர்கொண்டது. மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறைய, குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களை வெயில் வந்தபின் எடுத்தால், பலவற்றின் கூடு விரிசல்விட்டு வெடித்துக் கிடந்தது. பழி மழைக்காலத்தின் மேல் விழுந்தது. அது முழுப்பொய்யாக இருந்திருந்தால் சீக்கிரமே கலைந்திருக்கும். பாதி உண்மையாக இருந்ததால்தான் நிலைத்தது. வெடித்தது லாயத்தில்தான், ஆனால் வெடிப்பதற்கான ஆயத்தம் தொழிற்சாலையிலேயே முடிந்திருந்தது.

பிரிட்டிஷ் படையின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு முதலில் கொடுத்த கூடுகள் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தவை. 1884–85 சூடான் போரில் அவை துப்பாக்கிக்குள் சிக்கிக்கொண்டு பெரும் தொல்லை கொடுத்தன. ஒரே துண்டாக இழுத்துச் செய்த கூடுகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை வட்டை அச்சில் அழுத்தி, கிண்ணமாக்கி, படிப்படியாக நீட்டிக் குழலாக்குவது அந்த முறை. சுடும்போது கூடு விரிந்து வாயுவை அடைக்க வேண்டும். உடனே சுருங்கி வெளியே வரவும் வேண்டும். அந்தத் துள்ளலுக்கு உலோகம் விறைப்பாக இருந்தாக வேண்டும். காய்ச்சாமல் குளிர்ந்த நிலையில் இழுத்து நெருக்குவதால் வரும் விறைப்பு அது. கூடவே வெளியே தெரியாத இழுவிசையும் உலோகத்துக்குள் தங்கிவிடுகிறது. தொழிற்சாலைச் சோதனையில் கூடு பழுதின்றித் தேறியதற்கும் லாயத்தில் தோற்றதற்கும் முரண் இல்லை.

1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வு முடிச்சை அவிழ்த்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்தோடும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் சேர்ந்து செம்பைக் கரைக்கிறது. உள்ளே இழுவிசை இருக்கும் பித்தளையில் இந்த அரிப்பு பெரும்பாலும் உலோகமணிகளின் எல்லைக்கோடுகள் வழியே இறங்கிப் பிளந்துவிடுகிறது. அப்படியானால் மழைதானே காரணம் என்று வாதிடலாம். ஈரம் இல்லாவிட்டால் அரிப்பு நடக்காது என்பது மெய்தான். ஆனால் அதே மழையில் நனைந்தாலும், அம்மோனியா படாத கூட்டுக்கு இந்த வெடிப்பு வராது. தோட்டாவை லாயத்திலிருந்து அகற்றினால் போதாதா என்றும் கேட்கலாம். அன்றைய போரில் குதிரையும் தோட்டாவும் சேர்ந்தே போயின. அழுகும் சாணமும் கழிவும் எங்கும் உண்டு. அம்மோனியாவை உலகிலிருந்து விலக்க முடியாது. உள்ளே தங்கிய இழுவிசையை, அதாவது உள்ளிறுக்கத்தை, சூடாக்கி உலோகத்திலிருந்து விலக்க முடியும்.

பித்தளையைக் காய்ச்சி இளக்குவது நம் பாத்திரத் தொழிலாளிக்கு வெகுகாலமாகத் தெரிந்ததுதானே, இதில் புதுமை என்ன என்பது இன்னொரு ஆட்சேபம். தட்டத் தட்ட இறுகும் தகட்டை இடையிடையே நெருப்பில் காட்டுவது, மேலும் தட்டுவதற்கு அதை மென்மையாக்க. தோட்டாக் கூட்டை அப்படிச் சிவக்கக் காய்ச்சினால் அதன் துள்ளலே போய்விடும். ஏறத்தாழ 250 முதல் 300 செல்சியஸ் பாகை வரை மட்டும் சூடாக்கினால் உள்ளிறுக்கம் தளர்கிறது, விறைப்பு பெரும்பாலும் தங்குகிறது. புதுமை இந்த நடுவழியில் இருக்கிறது. கூடு தேறுமா என்று பார்க்கப் பாதரச உப்புக் கரைசல் உதவியது: உள்ளிறுக்கம் மிகுந்த பித்தளை அதில் சற்று நேரத்திலேயே வெடித்துவிடும். மழைக்காலம் வரை காத்திருந்து லாயத்தில் தெரியவேண்டிய குறை, தொழிற்சாலை மேசையிலேயே தெரிந்தது.

இது குதிரைப்படையோடு முடிந்த கதை அல்ல. ஒரு கிராமத்தில் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய மோட்டார் அறையில் பித்தளை இணைப்பு ஒன்று வெடித்தால் தண்ணீரையோ, முடுக்கியவர் கையையோ குறை சொல்வது எளிது. சாணத்தின் அம்மோனியாவையும் இணைப்பைச் செய்த பட்டறையையும் சேர்த்து விசாரித்தால்தான் அடுத்த இணைப்பு பிழைக்கும். விரிசல் தெரிந்த இடத்தில் இருப்பவரிடமே பொறுப்பு நின்றுவிட்டால், செய்தவர் அதே குறையோடு செய்துகொண்டே இருப்பார்.