பாவித்த ஸ்போர்ட்ஸ் காரும் தலைமுறைத் தெரிவும்

பாவித்த ஸ்போர்ட்ஸ் காரொன்றைக் கொள்வனவு செய்ய முனைவோர், எந்த மாதிரி என்பதோடு எந்தத் தலைமுறை என்பதையும் தீர்மானித்தாக வேண்டியுள்ளது. ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1989ஆம் ஆண்டு சிக்காகோ கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்.-5 இதற்கு நல்லதோர் உதாரணமாகும். இரண்டு இருக்கைகளை மாத்திரமே கொண்ட இவ்வாகனம் 2015ஆம் ஆண்டளவில் நான்காவது தலைமுறையை எட்டியது.

முதலாவது தலைமுறையின் மேலெழும் முன்விளக்குகள் மீது பலருக்கும் தீராத மோகம். விலை ஏறியமைக்கு அதுவும் ஒரு காரணம் எனலாம். எனினும் ஆரம்பகால 1.6 லீற்றர் இயந்திரங்கள் சிலவற்றில் கிராங் ஷாப்டின் முன்முனை தேய்ந்து பழுதாவதுண்டு.

1998இல் வெளிவந்த இரண்டாவது தலைமுறையில் முன்விளக்குகள் நிலையானவை. பிளாஸ்டிக் பின்யன்னலுக்குப் பதிலாகக் கண்ணாடி பொருத்தப்பட்டது. ஆனால், குளிர்காலத்தில் உப்புத் தூவப்படும் பிரித்தானிய வீதிகளில் ஓடியவற்றின் முன்புறச் சட்டகத்தைக் கறள் உள்ளிருந்தே அரித்துவிடுகின்றது. பளபளக்கும் வர்ணப்பூச்சு இதனைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே வாகனத்தை உயர்த்தி, அடிப்பாகத்தைப் பார்க்காமல் விலை பேசுவதை நாம் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டோம்.

2005இல் வந்த மூன்றாவது தலைமுறை பருமனானது என்று ஆர்வலர்கள் குறைகூறுவர். இது மிகைப்பட்ட குற்றச்சாட்டு என்பதே எமது கருத்து. அன்றாடப் பாவனைக்கு இடவசதியுள்ள இதுவே உகந்தது. நான்காவது தலைமுறை சுமார் 1000 கிலோகிராம் எடைக்குத் திரும்பியது. 2018இல் அதன் 2.0 லீற்றர் இயந்திரத்தின் வலு 184 குதிரைவலுவாக உயர்த்தப்பட்டது. பணவசதியுள்ளோர் இதனை நாடலாம்.

பழைய தலைமுறைகளை நாடுவோர், துணிக்கூரையின் நீர்வடி துவாரங்கள் அடைபட்டுள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைபட்டிருப்பின் மழைநீர் கதவடிச் சட்டங்களில் தேங்கி, பின்சில்லுக்கு முன்பாகவே கறளை ஆரம்பித்துவிடும்.