தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி

அலகு இலங்கையின் ஹட்டன் கடைத்தெருவில் வாங்கியது. பிடி கொய்யாக் கட்டையில் தாத்தாவே செதுக்கியது. பூண் கழன்றபோதெல்லாம் செப்புக்கம்பி சுற்றி இறுக்கியதும் அவர்தான். நுனி சற்றே வளைந்த அந்தக் கவ்வாத்துக் கத்தி மலையில் தொடங்கிக் கடல் தாண்டிப் போன கதை இது.

தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். கை எட்டும் உயரத்தில் அதை நிறுத்தி, மறுபடி துளிர்க்க வைப்பதற்குத்தான் கவ்வாத்து. உயரமான இடங்களில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மலைக்கும் முறை வரும். கொழுந்து பறிப்பது பெண்களுக்கு என்றால், இது ஆண்களின் வேலை.

தாத்தா எடுத்தவுடனே கத்தியை வீசமாட்டார். எந்த வாது செத்தது, எது நிற்க வேண்டும் என்று செடியைச் சுற்றிப் பார்ப்பார். பிறகு இடது கையால் வாதைப் பிடித்து, கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. வெட்டு சாய்வாக விழும். பட்டை கிழிந்தால் அந்த வழியே பூஞ்சணம் இறங்கி வாது உளுத்துப்போகும் என்பது அவருக்குத் தெரியும். ஓரத்தில் இலையுள்ள வாது ஒன்றிரண்டை விட்டுவைப்பார். "இந்த மலை களைச்சுப் போய்க் கெடக்கு, பார்த்துத்தான் வெட்டணும்" என்பாராம்.

அதன் காரணத்தைத் தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் விளக்குவார்கள். இலையெல்லாம் போன செடி, வேரில் சேர்த்துவைத்த மாச்சத்தைக் கொண்டுதான் மீண்டும் துளிர்க்கிறது. வேரை நறுக்கி அயோடின் தடவினால் கருநீலமாக மாற வேண்டும். மாறாவிட்டால் அந்தச் செடி வெட்டைத் தாங்காது. இத்தனை நுட்பமான வேலையும் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, என்று மட்டுமே ஏறியது. சொன்ன கணக்குக்குக் குறைந்தால் அரைப்பேர்.

வேலை முடிந்தால் வெட்டிய வாதுகளான மிலாறைக் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வருவார். அன்றைய அடுப்புக்கு அதுதான் விறகு. பத்துக்குப் பன்னிரண்டடி அறையான எங்கள் காம்பராவில் ஒழுகும் தகரத்துக்குத் தார் பூசியதும், கோழிக்கூடு அடித்ததும், லீக்ஸ் பாத்திக்கு வேலி கட்டியதும், பாட்டியின் கொழுந்துக் கூடைக்குக் கயிறு மாற்றியதும் அவர் கைதான். அதற்கெல்லாம் வேறொரு பழைய கத்தி இருந்தது. கவ்வாத்துக் கத்தியைச் செடிக்குத் தவிர வேறெதற்கும் எடுக்கவிடமாட்டார்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாக எடுத்துக்கொண்டன. அந்தப் பிரிவினை எங்கள் காம்பராவுக்குள்ளும் வந்தது. பெரியப்பாவுக்கு இந்தியா என்று முடிவானது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறும்போது தாத்தா தன் கத்தியைச் சாக்கில் சுற்றி அவர் கையில் கொடுத்து, "எங்க போனாலும் தேயிலை தேயிலைதான்டா" என்றாராம்.

தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், பின்னாளின் டான்டீ, அங்கே வேலை தந்தது. ஹட்டனில் பழகிய அதே இழுப்பு நீலகிரியிலும் பெரியப்பாவுக்குச் சோறு போட்டது. தாத்தா இலங்கையிலேயே இருந்து, எந்த நாட்டின் குடிமகனாகவும் ஆகாமல் காலமானார். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

கோத்தகிரியில் பெரியப்பா மகனான அண்ணன் வீட்டில் அந்தக் கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தீட்டித் தீட்டி அலகு பாதியாகக் குறைந்திருக்கிறது. பிடி அசையவில்லை.

இலங்கையில் கம்பளைக்கு அருகே பழைய லயமொன்று 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே வைப்பதற்குரிய கத்தியும் மண் கிளறும் முள்ளும் கூடையும் இன்னும் எத்தனையோ காம்பராக்களில் கிடக்கின்றன. அவற்றை யார் பிடித்தார், என்னென்ன செய்தார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். செக்ரோல் எழுதாமல் விட்டதை வீட்டுக்கு வீடு நாமே கேட்டு எழுதிவைக்க வேண்டும். அதை இந்த வருடமே தொடங்க வேண்டும்.